சாஜிதாவின் கம்புகள்

சாஜிதாவைப் பற்றி என்னைவிட நன்றாக யாராலும் எழுத முடியாது. நான்கு வருடம் அவளையே பார்த்துப் பார்த்துப் புகைந்தவள் நான். எந்தக் கிழமை எந்தச் சுடிதார் போடுவாள், ஷார்ஜாவிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஜகபர் சாதிக் எத்தனை மணிக்குப் போன் செய்வார், சிரித்தால் எந்தப் பக்கத்துத் தெற்றுப்பல் தெரியும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பிடித்தவர்களைப் பற்றிக்கூட நாம் இவ்வளவு தெரிந்துவைத்துக்கொள்வதில்லை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் கேட்கப்போவதில்லை. என் பெயர் அனந்தமதி. செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமண நயினார் குடும்பம், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். தாவரவியலில் எம்.எஸ்சி., அதுவும் முதல் வகுப்பு. சாஜிதா கோட்டக்குப்பத்துக்காரி. பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணமாகிப் படிப்பு நின்றுவிட்டது. நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவள் சேர்ந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வந்த அன்று எக்செல்லில் ஒரு கூட்டல் போடத் தெரியாமல் என்னிடம்தான் வந்து கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு என் நாக்கு புரளாமல் இருந்திருக்கலாம்.

விழுப்புரத்தில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு மருந்துக் கடைக்கு மேலே மூன்று மேசை. வேலை, சவுக்கு மரத்தின் பின்னாலேயே போவது. மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். வெட்டிய பிறகு அந்தக் கரி எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. விறகாக எரித்தால் அந்த வருடமே காற்றுக்குத் திரும்பிவிடும். காகிதமானால் இரண்டு வருடத்தில் பாதி போய்விடும் என்று உலக அளவில் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அறுத்த பலகைக்கு அதே பாதி போக முப்பத்தைந்து வருடம். கதவும் கட்டிலும் கரியை அவ்வளவு காலம் பிடித்துவைத்திருக்கும் என்று ஒரு நாடு தன் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பக்கத்துச் சவுக்கு கதவாவதில்லை. பருத்தது காகித ஆலைக்குப் போகிறது, மெல்லிய கிளையான மிளாறு அடுப்புக்குப் போகிறது. நடுத்தரமாக நேராக வளர்ந்தது கம்பாகி, கட்டடம் கட்டுகிற இடத்தில் சாரத்துக்கும் கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுக்கவும் போகிறது. சாரக் கம்பின் ஆயுசு எவ்வளவு? எத்தனை வருடத்தில் பாதிக் கம்பு உடைந்து அடுப்புக்குப் போகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வழி எளிமையானது. கம்பு வாடகைக்கு விடும் வாடிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். விழுப்புரத்தில் பூவரசன் என்பவருடைய வாடி எனக்கு. புதுச்சேரி சாலையில் கிளியனூரில் அமீர் பாட்சாவின் வாடி சாஜிதாவுக்கு. ஒவ்வொரு வாடியிலும் புதுக் கம்பு முந்நூறு. ஒவ்வொன்றின் அடியிலும் எண் பொறித்த ஒரு சின்ன அலுமினியத் தகடு, ஒற்றை ஆணியில் அடித்தோம். பிறகு வருடத்துக்கு ஒரு முறை, கார்த்திகை மழை முடிந்து கம்புகளெல்லாம் வாடிக்குத் திரும்பிக் கிடக்கும் சமயத்தில் போய், எத்தனை தகடு மிச்சம் என்று எண்ண வேண்டும். தகடு இருந்தால் கம்பு இருக்கிறது. தகடு இல்லையென்றால் கம்பு செத்துவிட்டது.

முதல் வருட எண்ணிக்கையில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து என் கம்புகள் மளமளவென்று சாக ஆரம்பித்தன. அவளுடையவை குத்துக்கல் மாதிரி நின்றன. நான்காம் வருட முடிவில் என்னிடம் முந்நூறில் நூற்றுப் பதினேழு. அவளிடம் இருநூற்று எண்பத்தொன்று.

எங்கள் திட்ட மேலாளர் ஆனந்தராஜ் சார் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்தார். கிளியனூர் தொண்ணூற்று நான்கு சதவீதம், விழுப்புரம் முப்பத்தொன்பது சதவீதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஒட்டுவது மாதிரி.

“அனந்தமதி, உங்க வாடியில ஏதோ தப்பு நடக்குது. சாஜிதா என்ன பண்றாங்கன்னு ஒரு தடவ போய்ப் பாருங்களேன்” என்றார்.

கம்பு முறிவதற்கு நான் என்ன செய்ய முடியும்? அதன்மேல் ஏறி நின்று குதித்தேனா? இதை அவரிடம் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்து சுவரிலிருந்த தொண்ணூற்று நான்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, மாத்திரை போட்டேன்.

அவளிடம் குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சோம்பேறி என்று சொல்லலாமென்றால் கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எனக்கு முன்னால் வந்து நிற்பாள். கர்வக்காரி என்று சொல்லலாமென்றால் யாரைப் பார்த்தாலும் முதலில் அவள்தான் பேசுவாள். காகித ஆலையின் வாட்ச்மேனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். சவுக்கு வெட்ட வரும் ஆட்களில் யாருடைய மருமகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று தெரியும். நாங்கள் ஜீப்பில் களத்துக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்வாள்.

“அண்ணா, அக்கா இருட்டனா சாப்பிட மாட்டாங்க. எங்கனா ஓரமா நிறுத்துங்க” என்பாள். வேகவைத்த மல்லாட்டைக் கடலையோ இட்லியோ வாங்கிக்கொண்டு வந்து, “சாம்பார்ல வெங்காயம் கீதான்னு கேட்டுட்டேங்க்கா, வெறும் பொடி போதும்னு சொல்லி வாங்கனேன்” என்பாள்.

என் வீட்டுக்காரருக்கே நான் நாலு தடவை ஞாபகப்படுத்த வேண்டிய விஷயம் அது. இவள் யார், எனக்குப் பரிவு காட்ட? இட்லியைத் தின்றேன். தின்றபடியே அவளைப் பிடிக்காமல் இருந்தேன்.

சின்னத்தனங்களும் செய்திருக்கிறேன். ஒருமுறை கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி என்று ஆனந்தராஜ் சார் எனக்குச் செய்தி அனுப்பி, சாஜிதாவுக்கும் சொல்லிவிடுங்கள் என்றார். கடைசித் தேதி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது சொன்னேன். அவள் டீக்கடையில் நின்றபடியே போனில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். பயிற்சியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “நல்ல வேளங்க்கா, நீங்க சொன்னீங்க” என்றாள்.

இதெல்லாம் எதற்கென்றால், திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு மாவட்ட ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி வருவதாக இருந்தது. ஒரே ஒரு பதவி. எங்கள் இருவரில் ஒருவர் அதில் உட்காருவார், மற்றவர் இதே போலக் கம்பு எண்ணிக்கொண்டிருப்பார். சென்னையிலிருந்து ராஜ்குமார் என்ற சரிபார்ப்பாளர் வந்து இரண்டு வாடிகளின் எண்ணிக்கையையும் சோதித்த பிறகு முடிவு என்று ஆனந்தராஜ் சார் சொல்லியிருந்தார். முப்பத்தொன்பதை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு போட்டிக்கு நிற்பது?

ராஜ்குமார் வருவதற்குப் பதினொரு நாள் முன்பு சாஜிதாவின் மகள் ஃபர்ஹீனுக்குக் காய்ச்சல் வந்தது. கிளியனூர்க் கம்புகளை ஒருமுறை படமெடுத்து வைக்கும் வேலை பாக்கி இருந்தது. என்னைப் போகச் சொன்னார்கள். போனேன்.

அமீர் பாட்சாவின் வாடி சாலையை ஒட்டி, இரண்டு புளிய மரத்துக்கு நடுவே. கம்புகள் நீளத்துக்கு ஏற்றபடி அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொரு கம்பின் அடியிலும் ஒரு சாண் அளவு பச்சை பெயிண்ட், அதுதான் அவருடைய அடையாளம். பூவரசன் வாடியில் சிவப்பு. அமீர் பாட்சா அன்று மரக்காணத்துக்குப் போயிருந்தார். நான் குனிந்து ஒவ்வொரு தகடாகப் படமெடுத்துக்கொண்டு வந்தேன். எண்பத்தெட்டாம் எண் தகட்டில் கை நின்றது.

தகடு நசுங்கி, சிமென்ட் அப்பி, எண் பாதி தேய்ந்திருந்தது. நான்கு வருடத் தகடு அப்படித்தான் இருக்கும். ஆனால் அது அடித்திருந்த கம்பில் பட்டை இருந்தது. சவுக்குக் கம்பின் பட்டை ஒரு கோடை வெயிலில் உரிந்து போய்விடும். நான்கு வருடம் சாரத்தில் நின்ற கம்பு வழவழவென்று எலும்பு மாதிரி இருக்க வேண்டும். இது போன மாதம் தோப்பிலிருந்து வந்த கம்பு.

எனக்கு முதலில் புரியவில்லை. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். முப்பது கம்பு பார்த்ததில் பாதிக்குமேல் தகடு கிழம், கம்பு குமரி. புரிந்துவிட்டது. யாரோ பழைய தகட்டைப் பிடுங்கிப் புதுக் கம்பில் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். தொண்ணூற்று நான்கு சதவீதம்!

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதல் வகுப்பில் தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை. எதிர்க்கடையில் போய் ஒரு டீயும் முறுக்கும் வாங்கி நின்று நிதானமாகச் சாப்பிட்டேன். படமெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். மாலையில் சாஜிதா போன் செய்தாள்.

“அக்கா, என்னால ஒங்களுக்கு ரெட்ட வேல. கம்பெல்லாம் சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு” என்றேன். “பாப்பாவுக்கு எப்படி இருக்கு?”

அன்றே சொல்லியிருக்கலாம். பதினொரு நாள் இருந்தது, அவளே போய்ப் பார்த்து, அவளே ஆனந்தராஜ் சாரிடம் சொல்லியிருப்பாள். அதற்காகத்தான் சொல்லவில்லை. ராஜ்குமாரின் முன்னால், எல்லாரும் நிற்கும்போது அது உடைய வேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது இல்லை.

சரிபார்ப்பு நாளன்று முதலில் கிளியனூர். ராஜ்குமார் கண்ணாடி போட்ட மெலிந்த ஆள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற ரகம். ஆனந்தராஜ் சார் புதுச் சட்டையில் இருந்தார். அமீர் பாட்சா வெள்ளைத் தொப்பியும் தோளில் பச்சைத் துண்டுமாக, கல்யாண வீட்டுக்காரர் போல எல்லாருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார். சாஜிதா கம்பு அடுக்கின் ஓரமாக நின்று எண்ணிக்கைத் தாளை நீட்டினாள்.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன். எனக்கே பிடித்த அடக்கமான குரல். “இதைச் சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.”

எண்பத்தெட்டை எடுத்துக் காட்டினேன். பட்டையை நகத்தால் கீறிக் காட்டினேன். பிறகு போனிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆனந்தராஜ் சாரின் முகம் சட்டைக்குப் பொருந்தாமல் போனது. சாஜிதா கம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்பைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் எண்களை மட்டும் படித்துச் சரி போட்டிருக்கிறாள். வாடி ஆட்கள்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“பாய், இந்தத் தகட்டையெல்லாம் மாத்தி அடிச்சது யாரு?” என்றார் ஆனந்தராஜ் சார்.

“நாங்கதாங்க” என்றார் அமீர் பாட்சா, கொஞ்சமும் தயங்காமல். “கம்பு ஒடஞ்சா அப்டியே உட்ருவமா? பச்ச பெயிண்டுக்கு என்னா பண்றமோ அதத்தான் இதுக்கும் பண்ணோம்.”

அவர் சொன்னது வாடித் தொழிலின் வழக்கம். ஐம்பது கம்பு எடுத்துப் போன மேஸ்திரி ஐம்பது திருப்ப வேண்டும். வழியில் ஏழு உடைந்தால் எங்கிருந்தாவது ஏழு கம்பு கொண்டுவந்து, அடியில் பச்சை அடித்து அடுக்கிவிட்டுப் போவார். எந்த ஐம்பது என்று யாரும் கேட்பதில்லை, ஐம்பது பச்சை இருந்தால் சரி. தகடு வந்த பிறகு அதையும் அந்த வழக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். முந்நூறு தகடு கொடுத்தால் முந்நூறு தகடு இருக்க வேண்டும். தொலைந்துபோன பத்தொன்பதுக்கு அவர் மன்னிப்பு வேறு கேட்டார்.

“நாலு வருஷ டேட்டா. மொத்தமும் போச்சு” என்றார் ஆனந்தராஜ் சார். “சாஜிதா, ஒரு தடவயாவது கம்பப் பாத்தீங்களா?”

சாஜிதா கம்பு அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்து நிறைவாகவே இருந்தேன். பதவி எனக்குத்தான் என்று மனதுக்குள் நாற்காலியைக்கூட ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

அவள் எண்பத்தெட்டாம் தகட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அமீர் பாட்சாவைக் கூப்பிட்டாள். அவரை அவள் சாச்சா என்றுதான் கூப்பிடுவாள், சித்தப்பா முறை.

“சாச்சா, பழைய கம்புலேர்ந்து தகட்ட எப்டி எடுப்பீங்க?”

“சுத்தியலு பின்பக்கத்த குடுத்து நெம்பனா வந்துரும்.”

“அப்ப ஆணி இருந்த ஓட்ட கிழிஞ்சிருமே. அடுத்த கம்புல எப்டி நிக்கும்?”

“அதே ஓட்டையில அடிச்சா நிக்காது பாப்பா. பக்கத்துல புதுசா ஒரு ஓட்ட போட்டுத்தான் அடிக்கணும்.”

சாஜிதா எழுந்து நின்றாள். “சார், இந்தத் தகட்டுல பாருங்க, மூணு ஓட்ட கீது. நாங்க அடிச்சது ஒண்ணு. அப்ப ரெண்டு தடவ மாத்திருக்காங்க. இந்த நம்பர்ல ரெண்டு கம்பு செத்துருக்கு, இது மூணாவது. ஒரே ஓட்ட இருக்கற தகடு மட்டுந்தான் சார் ஒரிஜினல் கம்பு. அத எண்ணிட்டாப் போதும்.”

ராஜ்குமார் கம்பைப் புரட்டித் தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“கம்பு ஒடையாமலே தகடு கழண்டு, திரும்ப அதே கம்புல அடிச்சிருந்தா?” என்று கேட்டார்.

“அப்ப கம்புலயும் பழைய ஆணி ஓட்ட இருக்கும் சார். கூடவே பாத்துரலாம்.”

அன்று பிற்பகல் முழுவதும் எண்ணினோம். சாஜிதா குனிந்து தகட்டின் ஓட்டையைச் சொல்வாள், ராஜ்குமார் கம்பைச் சோதிப்பார், நான் எழுதுவேன். ஆம், நான்தான் எழுதினேன். ஒற்றை ஓட்டை, நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு ஓட்டை, தொண்ணூற்றெட்டு. மூன்று, நான்கு, ஒரு தகட்டில் ஆறு. முந்நூறில் நூற்றுப் பன்னிரண்டு என்றால் முப்பத்தேழு சதவீதம். என்னுடையது முப்பத்தொன்பது.

“ரெண்டு வாடியும் பக்கத்து பக்கத்துல வந்துருச்சு” என்றார் ராஜ்குமார். “மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா பாதி ஆயுசு. விழுப்புரம் நம்பர் மொதல்லேர்ந்தே சரிதான்.”

சுவரில் தொங்கவிட்டு என்னை அவமானப்படுத்திய எண் சரியான எண். எனக்குக் கிடைத்தது அந்த ஒரே வாக்கியம். அதை முடிப்பதற்குள் அவர் சாஜிதாவின் பக்கம் திரும்பிவிட்டார். மாற்றுக் கம்புகள் எவ்வளவு காலம் உழைக்கின்றன என்பதைக்கூட இந்த ஓட்டைகளை வைத்துக் கணக்கிடலாம், இப்படி ஒரு சான்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை, அறிக்கையில் தனி அத்தியாயமே போடுகிறேன் என்றார். ஆனந்தராஜ் சாரின் முகமும் சட்டையும் மறுபடி பொருந்திவிட்டன. நான் குழி வெட்டினேன், அவள் அதில் கிணறு கண்டுபிடித்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. நான் அமீர் பாட்சாவின் பக்கத்தில் போய் நின்றேன். எரிச்சலில் யாரையாவது கடிக்க வேண்டும் போலிருந்தது.

“பாய், பெயிண்டு உங்க அடையாளம், சரி. தகடு எங்களுது. அதை மாத்துனா எங்க கணக்கு கெட்டுப் போகும்னு தோணலையா?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மொத வருசம் எண்ணிக்கினு வந்தப்ப பத்தொம்பது தகடு கொறஞ்சி போச்சி. அந்தப் புள்ள மூஞ்சே சுண்டிப் போச்சி. ‘சாச்சா, இவ்ளோ கொறஞ்சா என்னா சொல்லுவாங்களோ தெரியலயே’ன்னு சொல்லிக்கினு பஸ் ஏறிச்சி. எனக்கு மனசு கேக்கல. புருசன் வெளிநாட்டுல, இது ஒண்டியா பிள்ளய வச்சிக்கினு ஓடுது. வேலைக்கி ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு ஆளுங்க எல்லாருக்கும் சொல்லி வச்சேன். எந்த சைட்டுல கம்பு ஒடஞ்சாலும் பாப்பா தகட்ட மட்டும் பத்திரமா எடுத்தாந்துருங்கன்னு. திண்டிவனத்துலேர்ந்து ஒரு மேஸ்திரி பாக்கெட்டுல போட்டு எடுத்தாந்து குடுத்துட்டுப் போனாரு, ஒரே ஒரு தகடு.”

டீ என் கையில் ஆறியது.

திரும்பும்போது ஜீப்பில் சாஜிதா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் போட்டோவெல்லாம் ஃபர்ஹீனுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கி எடுத்ததுதானேக்கா?”

“ஆமா.”

அவ்வளவுதான். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. டிரைவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். அவள் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. திண்டிவனத்தில் நான் இறங்கும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது, அன்று பட்டினி. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் வேடிக்கை. ஒரு இட்லிப் பொட்டலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே இவளுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

தை மாதம் பதவி அறிவிப்பு வந்தது. சாஜிதாவுக்குத்தான். ஆனந்தராஜ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க டேட்டா சுத்தமான டேட்டா, அனந்தமதி. ஆனா ஆளுங்கள வச்சு வேலை வாங்கற போஸ்ட் இது” என்றார். வாழ்த்துச் சொன்னேன். சாஜிதா கையைப் பிடித்துக்கொண்டு, “தேங்க்ஸ்ங்க்கா” என்றாள். முன்பு சிரித்தால் தெரிகிற தெற்றுப்பல் தெரியவில்லை. என்னிடம் மட்டும்தான் அப்படி. மற்றவர்களிடம் எப்போதும்போலச் சிரித்தாள். அதையும் கவனித்துவைத்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டத்துக்குப் புதிதாக முந்நூறு தகடு வந்தது. எடுத்துக்கொண்டு பூவரசன் வாடிக்குப் போனேன். பதவி போனதுகூட எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. கிளியனூரில் கேட்டது மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது. இங்கேயும் அதே வழக்கம்தான். கம்பு உடைந்தால் புதுக் கம்பில் சிவப்பு அடிக்கிறார்கள். இங்கேயும் நான்கு வருடமாக வந்து போகிறேன். பிறகு ஏன் இங்கே ஒரு தகடுகூட இடம் மாறவில்லை?

பூவரசன் நாற்பது வயது ஆள். நல்ல மாதிரி. நான் எப்போது போனாலும் எழுந்து நிற்பார், நாற்காலி போடுவார், கேட்டதைக் காட்டுவார்.

“கம்பு முறிஞ்சா எங்க தகட்டை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“அது கம்போட வெறகுக்குப் போய்டுங்க மேடம்.”

“வேற கம்புல எடுத்து அடிக்கணும்னு யாருக்கும் தோணலையா?”

அவர் பயந்துவிட்டார். “இல்லீங்களே. நீங்க சொல்லலீங்களே மேடம். அடிக்கணுங்களா? தப்பாயிடுச்சா?”

“இல்ல. நீங்க செஞ்சதுதான் சரி. இனிமேலும் அப்படியே விட்ருங்க.”

சரிதான். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் விதிப்புத்தகத்தில் சொல்லியிருப்பது அதைத்தான். அந்தச் சரியான கம்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கிளியனூரில் நடந்த தப்பு எனக்கு ஒரே ஒரு தடவை நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். எவனோ ஒரு மேஸ்திரி என் தகடு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்திருக்கக் கூடாதா? சாஜிதாவின் எண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், பதவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவளுக்காக மற்றவர்கள் செய்த பிழையைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இது மற்ற இரண்டையும்விட மோசமாக எரிந்தது.

பூவரசன் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு வருடமும் ‘கார்பன் மேடம்’ என்றே எழுதியிருந்தது. போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மூடிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

“மேடம், ஒங்க ஆபீஸ்ல சாஜிதா மேடம்னு ஒருத்தவங்க கீறாங்களே, நல்லாருக்காங்களா? நீங்க லீவு போட்டப்ப ஒரு வாட்டி வந்தாங்க. என் பையனுக்குக் காலேஜ் சீட்டு கெடைச்சிச்சு, வந்தா சொல்லணும்னு வச்சிக்கினு இருந்தேன். நீங்களே சொல்லிட்றீங்களா?”

“சொல்றேன்” என்றேன்.

அவருக்கு ஒரு பையன் இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.